கண்ணாடிக்கு நடுவே கார்க்

போர்ட் பிளேர் லம்பா லைனில் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் நீலாவதி அக்காவுக்கென்று ஒரு மூலை உண்டு. வாசலிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆளுயரக் கண்ணாடிகள் சாய்ந்து நிற்கும் மரச்சட்டங்களைத் தாண்டிப் போக வேண்டும். பின்பக்கத்து ஜன்னலடியில் ஒரு பெஞ்சு, ஒரு முக்காலி, மூடி நசுங்கிய பிஸ்கட் டின் ஒன்று. எனக்கு அவருக்கு எதிரே இடம். கண்ணாடி துடைப்பது என் வேலை. துடைக்கிறவளுக்குக் கண் சும்மா இருக்காது. முதுகுக்குப் பின்னால் நடப்பதெல்லாம் முகத்துக்கு முன்னால் தெரியும். அப்படித்தான் அவரைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவருடைய வேலை கார்க் உரிப்பது. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் கண்ணாடித் தகடுகள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, நடுவில் சின்னச் சின்னக் கார்க் வில்லைகளை ஒட்டி அனுப்புவார்கள். ஒரு வில்லை பாதித் தீப்பெட்டி அளவு இருக்கும். பழுப்பு நிறம். ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாக, மெல்லிய பஞ்சு போல ஏதோ பூசியிருக்கும். பசை கிடையாது. கண்ணாடியில் வைத்து அழுத்தினால் நிற்கும், உரித்தால் தடமில்லாமல் வந்துவிடும். மற்ற ஊர்களில் இதை உரித்த கையோடு குப்பையில் போட்டுவிடுவார்களாம். எங்களுக்கு மனசு வராது. கப்பலேறி வந்த எதையும் தீவில் சுலபமாகத் தூக்கி எறிய மாட்டோம். அட்டைப்பெட்டி பரணுக்குப் போகும், சணல் கோழிக்கூட்டுக்குப் போகும். கார்க் அக்காவின் டின்னுக்குப் போகும். பிறகு திக்லிபூர், கமோர்ட்டா, கேம்பல் பே என்று வெளியூர்த் தீவுகளுக்கு நாங்கள் அனுப்பும் கண்ணாடிகளுக்கு நடுவில் மறுபடி போய் உட்காரும்.

கட்டி அனுப்புவதும் அக்காதான். உரிக்கிறவர் கையே ஒட்டட்டும் என்று கடைக்காரர் ஐயாவு அண்ணன் அதையும் அவரிடமே விட்டிருந்தார்.

அக்கா பிறந்தது தெற்குக் கோடியில் இருக்கும் கேம்பல் பேயில். அப்பா பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, வேலூர்ப் பக்கத்திலிருந்து அங்கே குடியேறியவர். பக்கத்து வீடு சர்தார்ஜி வீடு, அதற்கு அடுத்தது மராட்டியர் வீடு. அதனால் அக்காவுக்கு வீட்டுக்குள் தமிழ், தெருவில் ஹிந்தி, திட்டுவதற்கு மட்டும் பஞ்சாபி. அப்பா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த சவரக் கண்ணாடி ஒன்று வீட்டில் இருந்தது. சின்ன வயதில் அக்கா அதைக் கழுவப் போய்க் கிணற்றடிக் கல்லில் போட்டுவிட்டார். அன்று வைத்த பெயர் 'உடைக்கிற கை'. அதற்குப் பிறகு வீட்டில் தட்டு உடைந்தாலும், விளக்குச் சிம்னி உடைந்தாலும், பூனையே தள்ளி உடைத்திருந்தாலும் முதலில் அக்கா பெயர்தான் வரும். சுனாமியில் அந்த வீடே போயிற்று. எல்லாரும் முகாமில் உட்கார்ந்திருந்தபோது சித்தப்பா ஒருவர், "நல்லவேளை, நீலா போர்ட் பிளேர்ல இருந்தா. இல்லைன்னா இதையும் அவ தலையிலதான் போட்டிருப்போம்" என்றாராம். அழுதுகொண்டிருந்தவர்கள் கூடச் சிரித்தார்களாம். அக்காவும் இதைச் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் ஒரு வில்லையை எடுத்துக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டே இருப்பார்.

கல்யாணமாகிப் போர்ட் பிளேர் ஷாதிபூருக்கு வந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு இந்தக் கடையில் சேர்ந்தார். கேள்விப்பட்ட உடனே தம்பி பிரேம் கேம்பல் பேயிலிருந்து போன் பண்ணினாராம்: "உடைக்கிற கைக்கு உடையிற வேலையா? ஐயாவு அண்ணனுக்கு யாரும் சொல்லலையாக்கா?" பிரேம் அக்காவுக்குப் பத்து வயது இளையவர். அக்கா இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவர் எது சொன்னாலும் அக்காவுக்குக் கோபம் வராது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவரிடமிருந்து போன் வரும். திங்கட்கிழமை முழுக்க அந்தப் பேச்சு எங்கள் பெஞ்சில் ஓடும். பிரேமையும் அவர் மனைவி சங்கவியையும் நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் அவர்கள் வீட்டு ஆடு எப்போது குட்டி போட்டது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும்.

நான் சேர்ந்த புதிதில் யாரிடமும் பேச மாட்டேன். டின்னையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் அக்காவே கூப்பிட்டார்.

"என்ன அப்படிப் பாக்குற? வா, ஒண்ணு காட்டுறேன்."

ஒரு கோலியை எடுத்து மரப்பெஞ்சில் விட்டார். டக்கென்று துள்ளியது. பிய்ந்த செருப்பின் ரப்பர் மேல் விட்டார். இன்னும் உயரமாகத் துள்ளி என் மடிக்கே வந்தது. கார்க் மேல் விட்டார். சோம்பேறி மாதிரிக் கொஞ்சமாக எழுந்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

"ரப்பர் வாங்கின அடியைத் திருப்பிக் குடுத்துடும். இது உள்ளயே வெச்சிக்கும். அதான் கண்ணாடிக்கு இது."

பிறகு இரண்டையும் இடுக்கியில் வைத்து அழுத்திக் காட்டினார். ரப்பர் பக்கவாட்டில் பிதுங்கியது. கார்க் பிதுங்கவில்லை. இருந்த இடத்திலேயே தனக்குள் ஒடுங்கியது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத அறைகள் அறைகளாக இருக்கிறது, அறைக்குள் காற்று இருக்கிறது, அதெல்லாம் ஏதோ வெளிநாட்டு மரத்தின் பட்டை என்று ஐயாவு அண்ணன் முன்பக்கத்து மேஜையிலிருந்தே சொன்னார். எனக்கு மரம் நினைவில் நிற்கவில்லை. அக்கா அடுத்ததாகச் சொன்னதுதான் நின்றது.

"சுத்தியால ஒண்ணு போட்டுப் பாரு. பள்ளம் விழும். டீ குடிச்சிட்டு வந்து பாரு, பள்ளம் முக்காவாசி காணாமப் போயிருக்கும். ஆனா பள்ளம் இருக்கும்போதே இன்னொண்ணு போட்டா, மொத மாதிரி தாங்காது. அதுக்கும் கொஞ்சம் நேரம் வேணும் இல்ல?"

இத்தனை வருஷத்தில் அவர் கையால் ஒரு கண்ணாடி உடைந்து நான் பார்த்ததில்லை. போன வருஷம் வரைக்கும்.

போன வருஷம் மழை குறையும் சமயத்தில் சங்கவி கேம்பல் பேயில் ஒரு பியூட்டி பார்லர் வைக்க ஏற்பாடாயிற்று. சுவரை அடைக்கிற மாதிரி ஒரே கண்ணாடி வேண்டும் என்று கேட்டிருந்தாள். அக்கா அன்று வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை. இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே கண்ணாடியை நிறுத்தி, இரண்டு பக்கமும் கார்க் வைத்து, பலகைகளைச் சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்குவது எங்கள் கடை வழக்கம். விளிம்புகளை மூட மாட்டோம், அதைத்தான் பெட்டி என்போம். டின்னில் இருந்தவை ஏற்கெனவே மெயின்லேண்டிலிருந்து கண்ணாடிப் பாரத்தில் நசுங்கி வந்தவை. ஒற்றையாக வைத்தால் மெலிசாக இருக்கிறது என்று அக்கா ஒன்றின்மேல் ஒன்றாக இரட்டையாக ஒட்டினார். பிறகு ஸ்பானரைப் பிடித்துத் தொங்காத குறையாகத் தொங்கினார்.

"அக்கா, பஸ், பஸ், போதும். பலகை கத்துது" என்றான் கண்ணாடி வெட்டும் பிரவீன்குமார்.

"கத்தட்டும்டா. என் தம்பி வீட்டுக்குப் போவுது."

இங்கே கப்பல் எப்போது கிளம்பும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அறிவிப்பு வந்த பிறகு கட்ட ஆரம்பித்தால் கப்பல் போய்விடும். அதனால் எல்லாரும் முன்கூட்டியே கட்டி, கப்பல் துறையில், ஜெட்டி ஷெட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டுக் காத்திருப்போம். அந்தப் பெட்டியும் காத்திருந்தது. ஒருமுறை காற்று என்று கப்பல் தள்ளிப்போனது, இன்னொருமுறை இன்ஜின் கோளாறு என்றார்கள். ஒருவழியாகப் பெட்டி போய்ச் சேர்ந்த அன்றுதான் பார்லர் திறப்பு விழா.

மத்தியானம் பிரேமிடமிருந்து முதலில் ஒரு போட்டோ வந்தது. பின்னாலேயே போன் வந்தது. அக்கா கையில் தூசி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். எல்லாருக்கும் கேட்டது.

"என்னக்கா பண்ணி வெச்சிருக்க? விளக்கு ஏத்தியாச்சு. ஆளுங்க வந்து நிக்கிறாங்க. எல்லார் முன்னாலயும் பெட்டியை இறக்கி வெச்சா, உள்ள சில்லு சில்லா கிடக்குது."

"கப்பல்ல தூக்கிப் போட்டிருப்பானுங்கடா..."

"அதே கப்பல்லதான் சர்தார்ஜி கடைக்கு முட்டை வந்துச்சு. ஒரு முட்டை உடையலை. உன் கை பட்டது மட்டும் எப்படிக்கா உடையும்? சங்கவி கைக்கண்ணாடியை வெச்சிக்கிட்டு நிக்கிறா, எல்லாம் அபசகுனம்னு பேசுறாங்க. சின்ன வயசுல சொன்னது சும்மா சொல்லலை."

அவ்வளவுதான். போன் கட்டாகிவிட்டது. அக்கா தூசிக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தார். தூசி எப்போதோ போயிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பொங்கலுக்கு அக்காவே போன் பண்ணினார். சங்கவி எடுத்து, "அவர் வெளியே போயிருக்காரு அண்ணி" என்றாள். பின்னால் பிரேமின் குரல் கேட்டது என்று அக்கா என்னிடம் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பது போலச் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு பெரிய கண்ணாடி எதையும் அவர் தனியாகத் தூக்குவதில்லை. "பிரவீன், ஒரு கை பிடிடா" என்பார். நான் துடைக்கும் கண்ணாடிக்குள், சில சமயம் அவர் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பது தெரியும்.

இந்த வருஷம் ஜூலையில் ஒருநாள் ஐயாவு அண்ணன் பின்பக்கம் வந்து நின்றார். சாதாரணமாக அவர் மேஜையிலிருந்தே கூப்பிடுவார்.

"ஏம்மா நீலா. பிரேம் மறுபடி கண்ணாடி கேட்டிருக்கான். அதே அளவு."

அக்காவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அண்ணன் அதைப் பார்த்ததும் கழுத்தைச் சொறிந்தார்.

"ஆனா பாரும்மா... பிரவீனைக் கட்டச் சொன்னான். உன்னைத் தொட வேண்டாம்னுட்டான். எனக்கு என்ன, நீ கட்டினாலும் ஒண்ணுதான். அவன் அப்படிச் சொல்லிட்டான்."

"சரிண்ணே" என்றார் அக்கா. "பிரவீன் நல்லாக் கட்டுவான்."

அவர் முக்காலியில் உட்கார்ந்து, ஏற்கெனவே உரித்து வைத்த வில்லை ஒன்றை எடுத்து, உரிப்பது போலவே நகத்தால் கீறிக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்துத் தன் போனை என்னிடம் நீட்டினார்.

"அந்த போட்டோவை நீ பாரு. உனக்குக் கண்ணு கூர்மை. நான் பாத்தா எனக்கு உடைஞ்சது மட்டும்தான் தெரியுது."

பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டியை நிமிர்த்தி வைத்து, பக்கவாட்டிலிருந்து எடுத்திருந்தார்கள். கண்ணாடிச் சில்லுகள் கீழே சரிந்திருந்தன. மேல்விளிம்பில் மட்டும் ஒரு துண்டு இன்னும் நின்றது.

"அக்கா, அந்தத் துண்டுக்கும் பலகைக்கும் நடுவுல சந்து இருக்கு. விரல் போகும் போல."

"கழட்டினப்புறம் எடுத்ததா இருக்கும்."

"போல்ட்டெல்லாம் மாட்டியேதான் இருக்கு அக்கா."

போனைப் பிடுங்கிப் பார்த்தார். பலகை கத்துகிற அளவுக்கு அவர் இறுக்கியதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம். அந்த இடத்தில் சந்து எப்படி வந்தது?

அன்றே கழிவுக் கண்ணாடித் துண்டுகள் இரண்டு எடுத்தார். ஒன்றுக்குப் போன வருஷம் மாதிரியே பழைய வில்லைகள் இரட்டையாக, இறுக்க முடிந்த மட்டும் இறுக்கி. இன்னொன்றுக்கு, ஐயாவு அண்ணனிடம் கேட்டு வாங்கிய பாரம் படாத புது வில்லைகள் ஒற்றையாக, அளவாக. இரண்டையும் ஜன்னலுக்கு வெளியே சாரல் படுகிற இடத்தில் வைத்துவிட்டார். "என்னக்கா, ஊறுகாய் போட்டிருக்கீங்களா?" என்று பிரவீன் போகும்போதும் வரும்போதும் கேட்பான். ஒரு வாரம் போனதும் எடுத்து ஆட்டினார். முதலாவது லொடலொடவென்று ஆடியது. இரண்டாவதும் ஆடியது, ஆனால் காதில் வைத்தால்தான் தெரியும்.

அக்கா போல்ட்டைக் கழற்றி வில்லைகளை வெளியே எடுத்தார். இரட்டையாக வைத்தவை அப்பளம் மாதிரி இருந்தன.

"அடி விழுந்தா வாங்கிட்டு எழுந்துக்கும்" என்றார், என்னிடம் சொல்வது போல இல்லை. "ஆனா விடாம அமுக்கிக்கிட்டே இருந்தா, எதிர்க்காது. இடம் விட்டுக் குடுத்துக்கிட்டே ஒடுங்கிடும். கப்பல் வர்றதுக்குள்ள இது ஒடுங்கிருச்சு, கண்ணாடி உள்ள தனியா ஆடியிருக்கு. நாம பெட்டிக்கு வெளிய நின்னு, போல்ட்டு இருக்கு போல்ட்டு இருக்குன்னு நெனச்சிக்கிட்டு இருந்தோம்."

காரணம் தெரிந்துவிட்டதே, இனி அவருக்கு நிம்மதி என்று நினைத்தேன். இல்லை. அன்று அவர் சாப்பாட்டுப் பையைத் திறக்கவே இல்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கு அது புரிந்தது. கைராசி என்றால் அவர் என்ன செய்ய முடியும், பிறவியோடு வந்தது. இது அப்படி இல்லை. ஸ்பானரைப் பிடித்துத் தொங்கியது அவர்தான். மற்றவர்கள் கண்ணாடிக்கெல்லாம் அளவாகக் கட்டியவர், தம்பியின் கண்ணாடிக்கு மட்டும் ஆசையில் இறுக்கிவிட்டார்.

பிரவீன் கட்டிய அன்று அக்கா முக்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"புது வில்லை எடு. ஒத்தையா வை. மூலையில வெச்சியா? ரொம்ப இறுக்காத."

"அரே அக்கா, வாயை மட்டும் அனுப்புங்க. கையை அங்கயே வெச்சிக்குங்க. ஆர்டர் அப்படி" என்று சிரித்தான். யாரும் சிரிக்காததைப் பார்த்து, "சும்மா சொன்னேன்" என்று முணுமுணுத்தான்.

"அது பரவாயில்லடா. ஒண்ணு மட்டும் கேளு. கப்பல்ல ஏத்துறதுக்கு முன்னால ஜெட்டிக்குப் போய் எல்லாப் போல்ட்டையும் இன்னொரு தடவை திருகணும்."

"யாரு போறது? இங்க வெட்ட வேண்டிய கண்ணாடி மலையா கிடக்கு. என் போல்ட்டு தளராது. கேரண்டி."

பெட்டி ஜெட்டிக்குப் போயிற்று. கப்பல் வழக்கம்போலத் தள்ளிப்போயிற்று. கடல் கொந்தளிப்பு, இன்று இல்லை, நாளையும் இல்லை. அக்கா காலையில் வந்ததும் முதலில் ஐயாவு அண்ணனிடம் கப்பலைப் பற்றிக் கேட்பார். மூன்றாவது முறை கேட்டபோது, தான் ஒருதடவை ஜெட்டிக்குப் போய்வரட்டுமா என்றும் கேட்டுவிட்டார்.

"வேண்டாம்மா" என்றார் அண்ணன். "அவன் வேண்டாம்னு சொல்லியிருக்கான். நீ போய்த் தொட்டு, அப்புறம் உடைஞ்சா? ஜன்மத்துக்கும் உன் பேரைத்தான் சொல்லுவான். பிரவீன் கட்டினது, பிரவீனோட போகட்டும். நீ பேசாம இரு."

அன்று டீ குடிக்கும்போது அக்கா டம்ளரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "அண்ணன் சொல்றது நியாயந்தான். இன்னொண்ணு தெரியுமா? இது உடைஞ்சா எனக்கு நல்லது. பிரவீன் கை பட்டும் உடைஞ்சுதுன்னா, என் கை தப்பிச்சிரும். பிரேம் தானா போன் பண்ணுவான்."

அவர் மீதி டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"சங்கவி மறுபடியும் கைக்கண்ணாடியைப் பிடிச்சிக்கிட்டு நிப்பா" என்றார்.

இரண்டு நாள் கழித்து, இன்று கப்பல் கிளம்பும் என்று அறிவித்துவிட்டார்கள். அன்று காலை அக்காவின் சாப்பாட்டுப் பை வழக்கத்தைவிடக் கனமாகத் தொங்கியது. பிரவீன் தன் ஸ்பானரைக் காணோம் என்று மேஜைக்கடியில் தேடிக்கொண்டிருந்தான். ஐயாவு அண்ணன் பையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு மேஜை டிராயரிலிருந்து சரக்கு ரசீதை எடுத்து என்னிடம் கொடுத்தார். "ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. வெயில் ஏறதுக்குள்ள வந்துருங்க" என்று மட்டும் சொன்னார்.

ஜெட்டியில் எங்கள் பெட்டி வரிசையில் நின்றது. முன்னால் வாழைக்காய் மூட்டைகள், பின்னால் யாருடைய வீட்டு பிரிட்ஜோ. அக்கா பெட்டியின் மேல்விளிம்பில் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தார். நுனி போயிற்று. தோளால் லேசாகத் தள்ளினார். உள்ளே மெதுவாக ஒரு சத்தம், பல் கூசுவது போல.

"ஏ தீதி, ஹட்டோ ஹட்டோ! லோடிங் ஆரம்பம்!" என்று ஒருவர் விலகச் சொல்லிக் கத்தினார்.

"ஏக் மினிட், பையா. ஒரே நிமிஷம்."

ஸ்பானரை வெளியே எடுத்துவிட்டார். முதல் போல்ட்டில் மாட்டியும்விட்டார். அப்புறம் கை நின்றுவிட்டது. அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். இப்போது விலகி வந்துவிட்டால், உடைந்தாலும் அவர் பேரில் இல்லை. ஒரு திருகு திருகினால், இந்தக் கண்ணாடியும் அவர் கை பட்ட கண்ணாடி.

"தீதி!"

அக்கா திருகினார். ஒவ்வொரு போல்ட்டாகச் சுற்றி வந்தார். ஒவ்வொன்றும் முக்கால் சுற்று, சில ஒரு சுற்று. பலகை கத்துவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு தடவையும் கை நின்றது. கடைசியில் தோளால் தள்ளிப் பார்த்தார். சத்தம் இல்லை.

கிரேன் வந்து பெட்டியைத் தூக்கியது. காற்றில் அது மெல்லச் சுழன்றது. கப்பலுக்குள் இறங்கும்போது இரும்பு விளிம்பில் போய் இடித்தது. நாங்கள் நின்ற இடத்துக்குக் கேட்டது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்ன சத்தம் கேட்டுச்சு உனக்கு?"

"தொம்முன்னு கேட்டுச்சு அக்கா."

"சில்லுன்னு இல்லையே?"

"இல்லை. தொம்முன்னுதான்."

"தொம்முன்னுதானே" என்று அவரும் ஒருதடவை சொல்லிக்கொண்டார். ஆனால் மணிக்கட்டை விடவில்லை.

கடைக்குத் திரும்பியதும் ஸ்பானரைப் பிரவீனின் மேஜையில் வைத்தார். "உன் கேரண்டி முக்கால் சுத்து போயிருந்துச்சுடா" என்றார். அவன் ஸ்பானரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அந்தக் கப்பல் கார் நிக்கோபார், கமோர்ட்டா என்று நின்று நின்று போகிறது. அக்கா வேலைக்கு வந்தார், உரித்தார், டின்னில் போட்டார். கடைப் போன் அடிக்கும்போதெல்லாம் விரல் நின்றது. வேறு யாரோ என்று தெரிந்ததும் மறுபடி ஓடியது. நான் அந்த நாட்களில் ஒரே கண்ணாடியை எத்தனை முறை துடைத்தேன் என்று தெரியவில்லை. அதில்தான் அவருடைய விரல் தெரிந்தது.

போன் வந்தபோது எடுத்தது பிரவீன். ஒரு நொடி கேட்டுவிட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

"பிரவீன் தம்பியா? பிரேம் பேசுறேன். கண்ணாடி வந்துருச்சு. ஒரு கீறல் இல்ல. சுவத்துல மாட்டியாச்சு. தம்பி, உங்க கை ராசியான கை!"

பிரவீன் எங்கள் மூலையைப் பார்த்தான். அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார். அவன் கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

"இல்லண்ணே. நான் கட்டினது ஜெட்டியிலயே தளர்ந்துருச்சு. மறுபடி இறுக்கினது உங்க அக்கா. நீங்க வேண்டாம்னு சொன்னது தெரிஞ்சுதான் போனாங்க."

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. கேம்பல் பே லைன் அடிக்கடி அப்படித்தான் போகும். லைன் போயிற்றா, ஆள் பேசவில்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஐயாவு அண்ணன் கூட எழுந்து நின்றார்.

"அக்கா இருக்காங்களா?" என்றது போன்.

அக்கா ஸ்பீக்கரை அணைக்கத் தெரியாமல் அப்படியே வாங்கிக்கொண்டார்.

"சொல்லுடா."

"நீதான் இறுக்கினியாக்கா?"

"ஆமா."

"அப்ப உன் கைதான்கா ராசியான கை. நான்தான் என்னவோ..."

"கையை விடுடா." அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "ராசியும் இல்ல, ராசி கெட்டதும் இல்ல. போன வருஷம் நான் ரொம்ப இறுக்கிட்டேன். கப்பலுக்குக் காத்திருந்ததுல கார்க் ஒடுங்கிப்போச்சு, உள்ள ஆடி உடைஞ்சிருக்கு. அது எனக்குத் தெரியாம நான் பண்ணின தப்பு. இந்தத் தடவை தெரிஞ்சிக்கிட்டேன், ஏத்துறதுக்கு முன்னால திருகினேன். அவ்வளவுதான். அப்பாவோட கண்ணாடி வழுக்கி விழுந்துச்சு, அது வேற. எல்லாத்தையும் ஒண்ணாச் சேக்காத."

இந்தத் தடவை லைன் போகவில்லை என்பது தெரிந்தது, பின்னால் யாரோ தலைமுடி உலர்த்தும் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சரிக்கா" என்றார் பிரேம். "சேக்கலை."

பிறகு சங்கவி போனை வாங்கிக்கொண்டாள். "அண்ணி! கண்ணாடி மாட்டினதும் ரூமே ரெண்டு மடங்காயிருச்சு. மொத ஆளா பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரம்மா வந்து உக்காந்துட்டாங்க, எழுந்திரிக்கவே மாட்டேங்கிறாங்க. அண்ணி, இந்தக் கார்க் எல்லாம் தூக்கிப் போட்டுரலாமா?"

"தூக்கிப் போடறதா?" அக்கா பதறிவிட்டார். "கப்பல்ல வந்ததைத் தூக்கிப் போடுவியா? ஒரு டின்னுல போட்டு வை. மேல எதையும் அடுக்காத. கொஞ்ச நாள் சும்மா விட்டா எழுந்துக்கும்."

"பழையபடி ஆயிருமா அண்ணி?"

அக்கா யோசித்தார். "பழையபடி ஆகாது. நாற்காலிக் காலுக்கு ஆகும்."

போனை வைத்துவிட்டு மூலைக்கு வந்து உட்கார்ந்தார். ஐயாவு அண்ணன் எல்லாருக்கும் டீ சொன்னார். பிரவீன் தன் டீயை எடுத்துக்கொண்டு வந்து, கேட்காமலேயே எங்கள் பெஞ்சில் ஒரு பக்கம் உட்கார்ந்து, "அக்கா, முக்கால் சுத்துன்னு எப்படி நிறுத்துறீங்க? பலகை கத்துறதுக்கு முன்னாலன்னா அது எந்த இடம்?" என்று கேட்டான். "அது கைக்குத் தெரியும்டா" என்றார் அக்கா. சொல்லிவிட்டுத் தானே சிரித்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்ததா என்று திங்கட்கிழமை நான் கேட்கவில்லை. புதிதாக வந்த கண்ணாடிகள் சட்டத்தில் நின்றன. அக்கா முதல் தகட்டிலிருந்து ஒரு வில்லையை உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சங்கவி நாலு காலுக்கும் ஒட்டிட்டாளாம்" என்றார். "நாற்காலி இப்ப சத்தமே போடலைன்னு பிரேம் சொன்னான்."

வில்லை டின்னுக்குள் விழுந்தது. அடுத்ததற்குக் கை நீண்டது.